அஞ்சலையிடம் கொடுத்த சீட்டு

ஐப்பசி 9, சனி

காலையிலிருந்து தூறல். எழுத்து வகுப்பில் கொடுத்த நோட்டு இது. முதல் பக்கம் முழுவதும் என் பெயர். மாரிமுத்து, மாரிமுத்து, மாரிமுத்து. எத்தனை முறை பார்த்தாலும் அழகு. அறுபத்தாறு வயதில் கை இன்னும் பென்சிலை மண்வெட்டி போலத்தான் பிடிக்கிறது. இருக்கட்டும்.

மகள் செல்விக்கு நிறைமாதம். முழுப் பெயர் எழுதினால் விரல் வலிக்கிறது. இனி செ. போதும்.

மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கட்டட வேலை. இப்போது வர முடியாதாம். பெரியவள் மலர், நாலு வயது. செ. ஆஸ்பத்திரிக்குப் போனால் மலரை யார் பார்ப்பது? ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. என் வீட்டுக்காரி இருந்திருந்தால் பேச்சே இல்லை.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக் கண்ணம்மா சிரித்தாள். "இன்னா மாமா, ஜடை போடுவீங்களா நீங்க? வெந்நி வெக்கச் சொன்னா அடுப்ப அணைச்சிட்டு வந்து நிப்பீங்க."

ஐப்பசி 11, திங்கள்

மாப்பிள்ளையின் அக்கா அஞ்சலை வெள்ளிமலையிலிருந்து வந்தாள். அங்கே டீக்கடை வைத்திருக்கிறார்கள். "எங்கிட்ட உடு செல்வி. எம்புள்ளைங்களோட ஒண்ணா இருந்துட்டுப் போவுது."

நாளை செவ்வாய். பிள்ளையை அனுப்பக் கூடாது. இன்றே கிளம்ப வேண்டும் என்று அவசரம்.

மலருக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். இதற்குமுன் இரண்டு முறை. செ. கண் கலங்கினாள். "நைனா, அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு." சொல்வதென்ன, எழுதியே கொடுக்கிறேன் என்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் வாழ்நாளில் முதல் சீட்டு.

உடம்பு சுட்டால் நீல மூடி மருந்து உடனே
ஈரத்துணியால் துடை. போர்த்தாதே
முட்டை வேண்டாம்
தூங்க அம்மா புடவை. பையில் இருக்கு

பஸ் கிளம்பும்போது கொடுத்தேன். "எல்லாம் இதுல இருக்குதும்மா." அஞ்சலை இரண்டு கையாலும் வாங்கித் தலையாட்டினாள். மலர் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

ஐப்பசி 13, புதன்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. விடியும்போதே செ.க்கு வலி. உள்ளே ஆண்கள் போகக் கூடாது. கண்ணம்மா போனாள். நான் வேப்பமரத்தடியில். சுவரில் இருந்ததையெல்லாம் படித்தேன். 'இங்கே எச்சில் துப்பாதே.' துப்ப எழுந்தவன் வெற்றிலையோடு விழுங்கிவிட்டேன்.

11 மணி. பெண் குழந்தை. இருவரும் சுகம்.

3 மணி. வெள்ளிமலை பஸ் கண்டக்டர் தேடி வந்தார். "மாரிமுத்து யாருங்க? டீக்கடை அம்மா சொல்லச் சொல்லிச்சி. கொழந்தைக்கு நேத்து ஜொரம் வந்து இழுத்துக்கிச்சாம். நர்ஸம்மா ஊசி போட்டுக்கிறாங்க. இப்ப பரவால்லியாம். நீங்க வந்து பாத்துடுங்க."

எழுத்து கோணல்.

ஜன்னல் வழியாகச் செ. குழந்தையைக் காட்டினாள். "நைனா, மலரப் பத்தி சேதி வந்துச்சா? நல்லாக்கீதா?"

தலையாட்டினேன்.

ஐப்பசி 14, வியாழன்

முதல் பஸ். மலை வளைவெல்லாம் பனி. மலர் பாயில் படுத்திருந்தாள். கண் திறந்தாள், பேசவில்லை. நெற்றி குளிர்ந்திருந்தது. அவள் பை ஒரு மூலையில் கிடந்தது. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. மருந்தும் புடவையும் அதற்குள்ளேயே.

அஞ்சலை அழுதாள். "ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சி மாமா. குளுரு ஜாஸ்தின்னு ரெண்டு கம்பளி போத்தினேன். கையில இரும்புச் சாவியக் குடுத்தேன்."

"சீட்டு எங்கம்மா?"

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். நாலாக மடித்தது, மேலே குங்குமம். "பத்திரமா வெச்சிக்கினேன். எங்கூட்ல படிக்க யாருக்கீறாங்க? அவ்ளோ சந்தோசமாக் குடுத்தீங்க. தெரியாதுன்னு எப்டி மாமா சொல்றது?"

திட்ட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில், நீட்டிய காகிதத்துக்கெல்லாம் அறுபது வருஷம் நானும் இப்படித்தான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாதா? அன்று தெரியவில்லை. என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதத் தெரியாதவனாக இருந்திருந்தால் வாயால் மூன்று முறை சொல்லியிருப்பேன்.

ஐப்பசி 15, வெள்ளி

வெயில். மலரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி. வாசல் வராந்தாவுக்குச் செ.வைக் கண்ணம்மா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.

"ஏன் நைனா, புள்ள இளைச்சாப்ல கீது? அங்க ஒண்ணும் ஆவலியே?"

தலை தானாக ஆட வந்தது. நிறுத்தினேன். வாயால் சொன்னேன். காய்ச்சல், வலிப்பு, கம்பளி, சாமி படத்துக்குப் பின்னால் சீட்டு. நேற்றுமுன்தினம் நான் மறைத்ததையும்.

செ. கேட்டாள், "அண்ணிய ஒண்ணும் சொல்லலியே நீ?"

"இல்லம்மா."

"வாடி மலரு, பாப்பா பாரு." கையை நீட்டினாள். மலர் போகவில்லை. முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"தாத்தாவூட்டுக்கே போலாம்," என்றாள் மலர். நாலு நாளில் நான் கேட்ட முதல் பேச்சு.

செ. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயே வெச்சிக்கோ நைனா. நான் வர்ற வரைக்கும்." கண்ணம்மா சிரிக்கவில்லை.

வீடு. மாலை. வெந்நீர் வைத்தேன், அடுப்பு அணையவில்லை. ஜடையை அவிழ்த்தாயிற்று. மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். மலர் சீப்போடு நிற்கிறாள்