ஆளில்லாத மலைக்குப் போய் வந்தேன்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

போன கிழமை ஐஸ்லாந்துக்குப் போய் வந்தேன். மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். நீங்கள் போகும்போது கைக்குழந்தையாக இருந்தவள், இப்போது எனக்குக் கார் ஓட்டுகிறாள்.

எண்பத்தாறில் ஜெர்மனிக்கு வந்தபோது ஹம் நகரத்து அகதி முகாமில் நமக்குக் கிடைத்த ஒற்றை அறை நினைவிருக்கிறதா? பக்கத்து அறையில் இருமினால் நமக்குக் கேட்கும். அனுமதிக் கடிதம் இல்லாமல் நகர எல்லையைத் தாண்ட முடியாது. அந்த அறையில் இருந்துகொண்டுதான், கல்யாணத்துக்கு முன் கப்பலில் வேலை செய்த கதையைச் சொல்வீர்கள். எஞ்சின் பழுதாகிக் கப்பல் ஐஸ்லாந்தில் பதினொரு நாள் நின்றதாம். துறைமுகத்து ஆள் ஒருவர் உங்களை ஜீப்பில் மலைப்பக்கம் கூட்டிப்போனாராம்.

“மேல ஐஸ், அதுக்குக் கீழ நெருப்பு. ஒரு மரமில்லை, ஒரு சனமில்லை. காலுக்குக் கீழ நிலம் சுடும், கன்னத்தில குளிர் வெட்டும்” என்பீர்கள். தேத்தண்ணி ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஊரில் என் தம்பி ஷெல் விழுந்து செத்த செய்தி வந்த அன்றும் அந்த மலையைப் பற்றித்தான் தொடங்கினீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அங்க சனம் சாகுது. ஆளில்லாத இடத்தைப் பற்றி இனி என்னோட கதைக்காதேங்கோ” என்றேன்.

“சரியப்பா” என்றீர்கள். பிறகு ஒருநாளும் அந்த இடத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அதிலிருந்து மூன்றாம் வருஷம் உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

அந்த மலைப்பக்கம் நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது. கரி போலக் கறுத்த மண். கல்லில் சாம்பல்பச்சைப் பாசி. மலையிலிருந்து பனியாறு நீலமாக இறங்கி வந்தது. இந்தப் பக்கம் நிலம் வெடித்து ஆவி எழும்பியது. மகள் படம் எடுக்க மேலே ஏறிப்போனாள். நான் தனியே நின்றேன். முகாமில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுத அழுகை அங்கே வாய்விட்டு வந்தது. தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்க்க ஒருவருமில்லை.

இதற்காகத்தான் அன்று அந்த இடத்தைச் சொன்னீர்களா? உங்கள் அம்மா செத்த தந்தி கப்பலுக்குத்தான் வந்தது என்று உங்கள் அக்கா ஒருமுறை சொன்னா. அந்தப் பதினொரு நாளில்தானா? நான் கேட்கவே இல்லையே.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: “அம்மா, அப்பா இந்த இடத்தைப் பற்றி என்ன சொன்னவர்?”

“வீட்டை போய்ச் சொல்லுறன்.”

இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிறு சொல்வேன். உங்களைக் கதைக்கவிடாமல் வாயடைத்தது நான்தான் என்பதையும் மறைக்காமல் சொல்வேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனுசி,
புவனா