வெச்ச எடத்துல இருக்கிற பிள்ளை

இன்று காலை இரும்புச்சத்து டானிக் பாட்டிலைத் திறந்தேன். துருப்பிடித்த ஆணியைச் சர்க்கரைப் பாகில் போட்டது மாதிரி அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். நீ கண்ணை மூடி ஓர் ஆடி கழிந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பால்வாடியில் நீ டீச்சராக உட்கார்ந்த நாற்காலியில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். நல்ல பெண்தான். ஆனால் சண்டை போடத் தெரியாதவள்.

எடப்பாடியில் நாம் சேர்ந்து போன அந்தத் தறிக்காரர் வீடு நினைவிருக்கிறதா? பையனைத் தோளில் வைத்துக்கொண்டு, "எங்கூட்டுப் பையன் கலரப் பாருங்க, வெள்ளக்காரனாட்டம்!" என்று அப்பன்காரன் பூரித்துப் போனான். பையனோ சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான். நீ அவன் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தாய்.

"இது கலரு இல்லீங்க. ஒடம்புல ரத்தமே இல்லீங்க."

கண்ணு வைக்கிறாயா என்று அவன் கத்தினான். நீ அசரவில்லையே! ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். டீயையும் வர்க்கியையும் நிறுத்தி முட்டையும் கீரையும் ஊட்ட வைத்தாய். மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து அவர்கள் மருந்தை நிறுத்தியபோது மறுபடியும் போய், இரும்பு மருந்துக்கு அப்படித்தான் போகும் என்று மல்லுக்கு நின்றாய். சில மாதம் கழித்து, வெயிலில் ஓடியாடிக் கறுத்துப்போன மகனைக் காட்டி, "எம்பையன் கலரையே கெடுத்துட்டீங்களேம்மா" என்றான் அந்த மனுஷன். பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

போன வாரக் கூட்டத்தில் ஓர் அதிகாரி, "நாட்டுல பாதிப் பிள்ளைங்களுக்கு மேல ரத்தசோகைதாம்மா, இது சகஜம்" என்றார். சகஜமாம்! முட்டை லாரி விடியவிடியப் போகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு! நீ எப்போதும் கேட்பதை நானே எழுந்து கேட்டேன்: "எல்லா ஊட்டுலயும் தீப்புடிச்சா அணைக்க வேண்டாமுங்களா?"  

பாட்டில் யாருக்கு என்கிறாய்? என் பால்வாடியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண்ணுக்கு. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் அம்மாவுக்கோ பெருமை: "எம்புள்ள தங்கமுங்க. அழுகவே மாட்டா. வெச்ச எடத்துல இருப்பா. அதனாலதான் என்னால தறி ஓட்ட முடியுதுங்க."

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் தறி நின்றுபோகும் என்றாள். "நிக்கட்டும், கெளம்பு" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். ரத்தம் எடுக்க விரலில் குத்தினார்கள். பிள்ளை விரலை இழுக்கவுமில்லை, அழவுமில்லை, சும்மா பார்த்தாள். எனக்குத்தான் அழுகை முட்டியது. அம்மாக்காரி அப்போதுதான் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, இவ ஏன் அழுகல?" என்றாள்.

முதல் வேளை மருந்தை இன்று கொடுத்தாயிற்று. நாளைக்கும் போவேன், அடுத்த மாதமும் போவேன். உன் வாயும் பிடிவாதமும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டன, இனி போகாது. ஒருநாள் இந்தப் பிள்ளை தெருவே அதிரக் கத்தி, தறியில் கைவைத்து, நூலை அறுத்து வைப்பாள். "பாடாப் படுத்தறாளுங்க, என்ன மருந்துங்க குடுத்தீங்க?" என்று அவள் அம்மா என்னைத் தேடி வந்து திட்டுவாள். அந்தத் திட்டை வாங்காமல் நான் ஓயமாட்டேன்.