கிரீம் கலர் சீட்

திங்கள், ஒக். 14

காலையிலிருந்து தூறல். பிக்கப்பை ஜவாத் நானாவின் குஷன் கடையில் விட்டாயிற்று. பதுளை டவுனில் இந்த வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. அது அவருக்கும் தெரியும்.

கழற்றிப் பார்த்ததில்:
– உள்கூரைத் துணி தொங்கி ஓட்டுகிறவன் தலையில் உரசுகிறது. நடுவில் குண்டூசி பதினொன்று. நான் குத்தியவை.
– இடது கதவின் உள்பலகை ஈரத்தில் ஊதிப் பணியாரம் மாதிரி.
– சீட் மூன்று இடத்தில் கிழிந்து ஸ்பொஞ் வெளியே.
– டாஷ்போர்டில் வெடிப்பு. இத்தனை நாள் துவாய் விரித்து மறைத்தது.
– கதவுப் பலகைக் கிளிப் பாதிக்கு மேல் இல்லை. கம்பி போட்டுக் கட்டியிருந்தேன்.

நானா ஒவ்வொரு கம்பியாக அவிழ்த்து என் முன்னால் வைத்தார். சீட்டுக்கு அடியில் காய்ந்த கரட், ஒற்றைச் செருப்பு, ஒரு பிடி தேயிலைக் கொழுந்து. "இதுக்குள்ள ஒரு தோட்டமே ஈக்கிது" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவசரம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மகள் தர்ஷினியைப் பெண் பார்க்கப் பண்டாரவளையிலிருந்து வருகிறார்கள். துணிக்கடைக்காரர்கள். ரயிலில் வருவார்கள், ஸ்டேஷனிலிருந்து நான்தான் கூட்டி வர வேண்டும். வீட்டுக்காரி சாந்தி ஒரு மாதமாக ஒரே பல்லவி. "மாப்ள வீட்டம்மாவ அந்தப் பஞ்சு பிதுங்குற சீட்டுலயா உக்கார வைக்கப் போறீங்க?"

சாப்பிடும்போது சாந்தி கேட்டாள், "உங்க அக்காவுக்குச் சொல்லியாச்சா?"

"பொண்ணு பாக்கத்தானே வாறாங்க. கல்யாணத்துக்குச் சொல்லிக்கலாம்."

"அது உங்க பாடு" என்று எழுந்து போய்விட்டாள்.

அக்கா மடுல்சீமையில். தோட்டத்து லயத்து வீட்டில். இன்னும் கொழுந்துதான் எடுக்கிறாள். பண்டாரவளைக்காரர்களிடம் தரகர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரியாது. நானாகச் சொல்லவில்லை.

செவ்வாய், ஒக். 15

மழை விட்டு வெயில். நல்லவேளை, பசை காயும்.

ரெக்சின் தேர்ந்தெடுத்தேன். நானா கறுப்பு அல்லது மண்ணிறம் என்றார். நான் கிரீம் என்றேன்.

"நான் செல்றத கேளுங்க. மரக்கறி ஏத்துற வண்டி. கிரீமுக்கு யாரு காவல் ஈக்கிற?"

"நான் இருக்கேன் காவலுக்கு."

"அப்ப சரி. வாகனம் ஒங்கட."

கதவுக்குப் பழைய பலகையை அச்சாக வைத்துப் புதியது வெட்டினார். கிளிப் துளைகளைக் கண்ணாலேயே அளந்தார். உள்கூரைக்குச் சாம்பல் துணி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போனார், ஒரு சுருக்கம் கிடையாது. அந்த நேரம் மட்டும் பேச மாட்டார். பேசினால் காற்றுக் குமிழ் விழுமாம்.

தர்ஷினிக்குச் செருப்பு. வாசலில் சரளை போட ஆள் சொல்ல வேண்டும், சேறு.

புதன், ஒக். 16

முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, கல்யாண வீடு மாதிரி இருக்கிறது உள்ளே. பசை வாசம். சாந்தி ஏறி உட்கார்ந்து இறங்கவே இல்லை. தெருமுனை வரை ஒரு சுற்று கேட்டாள், போனோம்.

சீட்டின் மேல் தடித்த பொலித்தீன் போட்டாயிற்று. ஞாயிறு வரை எடுப்பதில்லை. ஈரக் குடை உள்ளே கூடாது. வெற்றிலை கூடாது. தர்ஷினி கேட்டுவிட்டு, "அப்பா, மூச்சு விடலாமா?" என்றாள். வாயாடி.

வியாழன், ஒக். 17

மழை. பசறைக்கு சீமெந்து ஏற்றிப் போனேன். அங்கிருந்து மடுல்சீமை. அக்காவுக்குக் குளவி கொட்டி பசறை ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஒன்றுமில்லை.

மேலே எழுத மனசில்லை.

வெள்ளி, ஒக். 18

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

நேற்று பசறையில் சீமெந்து இறக்கி முடிக்கும்போது அக்கா வேலை செய்யும் மலையின் கங்காணியிடமிருந்து போன். "தம்பி, ஒங்க அக்காவுக்குக் குளவி கொட்டிருச்சி. தோட்டத்து லொறி உரத்துக்குப் போயிருச்சி. எங்க இருக்கீங்க?" பறந்தேன். அந்த ரோட்டில் எவ்வளவு பறக்க முடியுமோ அவ்வளவு.

பெரட்டுக் களத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மழை கொட்டுகிறது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது, நாலு தூணும் தகரமும்தான். அக்காவின் முகம் அடையாளம் தெரியவில்லை, கண் இரண்டும் மூடி வீங்கி. இடுப்பில் படங்கு, கொழுந்துக்காரிகள் கட்டுகிற முரட்டுச் சாக்கு, அது முழுக்கச் சேறு. குளவிக்குப் பயந்து தண்ணீர்க் கானுக்குள் விழுந்து உருண்டிருக்கிறாள். காலில் அட்டை கடித்த ரத்தம். வாந்தி வேறு எடுத்திருந்தாள். கூட வேலை செய்யும் மாரியாயி பக்கத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

நான் இறங்கினேன். அக்காவைப் பார்த்தேன். அடுத்து என்ன பார்த்தேன்? சீட்டைப் பார்த்தேன்.

பின்பலகையைத் திறந்தேன். "பின்னால ஏத்துங்க. நல்லா காத்து வரும், மயக்கத்துக்கு நல்லது."

காத்து! கொட்டுகிற மழையில் காத்து. சொன்னது நான்தான், இதே வாய்தான். இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள், மாரியாயியும் கூடப் பின்னால் ஏறிக்கொண்டாள். சீமெந்துச் சாக்குகளை விரித்தேன், ரப்பர் விரிப்பு ஒன்று போர்த்தக் கொடுத்தேன். பெரிய உபகாரம்.

கங்காணி குடை பிடித்தபடி நின்றார். நனையாத கால்சட்டை, வெள்ளைச் சட்டை. "நான் முன்னால வரவா?" என்றார்.

"வாங்க" என்றேன்.

குடையை மடக்கி உதறி, வெளியே பிடித்துக்கொண்டு பதவிசாக ஏறினார். பொலித்தீனைத் தடவிப் பார்த்தார். "சீட்டெல்லாம் புதுசா? ஜோரா இருக்கு. வீட்டுல விசேசமோ?" நானும் சொன்னேன். பொண்ணு பாக்க வாறாங்க, ஞாயித்துக்கெழம, பண்டாரவளை என்று எல்லாம் சொன்னேன். பேசிக்கொண்டே வந்தேனே, பாவி. நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். கண்ணாடியில் மாரியாயியின் முதுகு மட்டும் தெரிந்தது. பசறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அக்கா கிடுகிடு என்று நடுங்கினாள். நர்ஸ், "என்ன இப்படி நனையவிட்டுக் கொண்டு வந்திருக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, கண் தெரியாத அக்கா, சொன்னாள்: "நாந்தாங்க பின்னால ஏறுனேன். முன்னால எனக்குக் கொமட்டும்."

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்கு என்ன வாழ்வு வந்தது? மூன்று கஜம் ரெக்சின்.

எனக்குப் பள்ளிக்கூடம் நிற்கக்கூடாது என்று பதினாறு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவள் அவள். இதை இங்கே எழுதக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

இன்று நானும் தர்ஷினியும் பார்க்கப் போனோம். கஞ்சி, பாண், ஒரு சட்டை. ஒரு கண் கொஞ்சம் திறந்திருக்கிறது. தர்ஷினியின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "கங்காணி சொன்னாரு. ஒன்னயப் பாக்க வாறாங்களாமே கண்ணு?"

ஊரான் வாயால் கேட்டிருக்கிறாள். அண்ணன் தம்பி என்று நான் ஒருத்தன்தான் அவளுக்கு.

"வாங்க அத்தை ஞாயித்துக்கெழம" என்றாள் தர்ஷினி.

"இந்த மூஞ்ச வச்சிக்கிட்டா? வந்தவங்க பயந்து ஓடிருவாங்க. நல்லா நடக்கட்டும். என்னா தம்பி?"

நான் "சரிக்கா" என்றேன். ஒரு தரம் வற்புறுத்தினேனா? இல்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

திரும்பும்போது தர்ஷினி கேட்டாள். "அத்தைய பின்னால ஏத்தினீங்களாப்பா?"

"கங்காணி இருந்தாரு. எடமில்ல."

"இதுல மூணு பேர் உக்காரலாமே."

வைப்பரைக் கூட்டி வைத்தேன்.

சனி, ஒக். 19

விடிந்ததும் பொலித்தீனைக் கிழித்துப் போட்டேன். சாந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவை இன்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முன்னால் உட்கார வைத்துக் கூட்டி வருவது, ஞாயிறு எங்கள் வீட்டில் இருக்க வைப்பது, மூஞ்சி எப்படி இருந்தால் என்ன. வழி முழுக்க இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கட்டில் காலி. பக்கத்துக் கட்டில் பெண், "அவங்க காலையிலயே மடுல்சீமை பஸ்ஸுக்குப் போயிட்டாங்களே" என்றார்.

போன் பண்ணினேன். பஸ் இரைச்சல். "ஒனக்கு ஆயிரம் வேல இருக்கும்னுதான் தம்பி வந்துட்டேன். சீட்டு கெடச்சிருச்சி, உக்காந்துதான் போறேன்."

துரத்திப் போயிருந்தால் அரை மணியில் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். போகவில்லை. வாசல் சரளை, பழம், கேக், தரகர் போன். காரணத்துக்கா பஞ்சம்?

சரளைக்காரன் வரவில்லை.

ஞாயிறு, ஒக். 20

மழை பத்து மணியோடு நின்றது. ரயில் தாமதம். மாப்பிள்ளை, தகப்பனார், சித்தப்பா ஆட்டோவில். தாயார் என்னோடு முன்னால். நல்ல உடம்பு, அதைவிட நல்ல சிரிப்பு. பெயர் புஷ்பம். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. தர்ஷினிதான் அவனை நன்றாகப் பார்த்தாள்.

பேச்சு நடுவில் அந்த அம்மா சுற்றிப் பார்த்தார். "பொண்ணுக்கு அத்த யாரு? எங்க வழக்கத்துல அத்தகிட்டதான் மொதல்ல சம்மதம் கேப்போம்."

"அக்கா ஒருத்தங்க... தூரத்துல..."

காப்பித் தட்டோடு நின்ற தர்ஷினி சொன்னாள். "மடுல்சீமைல இருக்காங்க. கொழுந்து எடுக்குறாங்க. குளவி கொட்டி வர முடியாம போயிருச்சி. அப்பாதான் பிக்கப்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு."

ஒரு சொல் பொய்யில்லை.

"ஐயோ, குளவியா?" என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். "எங்கம்மாவும் மலையில கொழுந்து எடுத்தவங்கதான். கொட்டுனா என்னா பாடுன்னு தெரியும்." பிறகு கணவரிடம், "பாருங்க, கூடப்பொறந்தவள இப்பிடித் தாங்குறவங்க வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாந்தி மட்டும் தரையைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அத்தையைப் பார்க்க எல்லோருமாக ஒருநாள் மடுல்சீமை போவோம் என்றார் அந்த அம்மா.

ஸ்டேஷனுக்குப் புறப்படும்போது வாசல் ஒரே சேறு. அந்த அம்மாவின் சேலை ஓரம் ஒரு சாண் நனைந்துவிட்டது. கதவைத் திறந்து பிடித்தேன். கிரீம் கலரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "இதோட எப்பிடி ஏற? புது சீட்டு கெட்டுருமே. நான் ஆட்டோல வாறேனே."

"அட, ஏறுங்கம்மா. சேறுதானே, தொடச்சா போயிரும்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு லேசாக வந்தது. வாசற்படியில் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள்.