கயிறு எனக்கு வேண்டாம்

பிரவீன்,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. குக்கரில் சாதம் இருக்கிறது, ரசத்தைச் சுடவைத்துக்கொள்.

நேற்று உன் தம்பி எதிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப்போல் நடித்துக் காட்டினாயே, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. "ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், அப்புறம் இன்னாடி வலி?" என்று சிரிப்பு வேறு. அசெம்பிளி லைனில் நிற்கும்போது நெஞ்சு அடைத்து, இதோ செத்துவிடுவேன் என்று தோன்றுவது எனக்குத்தான் தெரியும். கம்பெனி நர்ஸ் கேஸ் மாத்திரை தருகிறாள், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நீ மந்திரிக்க ஆள் கூப்பிடுகிறாய். தூ!

மண்ணூர் பூசாரி நாலு மணிக்கு வருவார். எனக்குக் கயிறும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். திருப்பி அனுப்பிவிடு. நான் ஓ.டி. பார்த்துவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவேன்.

கவி

பி.கு: இதை எழுதிவிட்டு உன் அழுக்கு யூனிஃபார்மை ஊறவைக்க எடுத்தேன். பேன்ட் பாக்கெட்டில் ஒரு ஈசிஜி தாள். போன மாதத் தேதி, உன் பெயர். அதுவும் நார்மல்தான். இதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, என்னைக் கிண்டல் பண்ண மட்டும் வந்தது.

பூசாரியைத் திருப்பி அனுப்பாதே. கயிற்றை நீ கட்டிக்கொள்.