இடது பக்கத்து ஓட்டை

பிப்ரவரி 2, ஞாயிறு
தோற்றோம். 2-1. நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ஆடும் கால்பந்துப் போட்டி; இதற்காகச் சோறு இறங்கவில்லை என்றால் சிரிப்பார்கள். இறங்கவில்லை. நல்லவேளை, அரையிறுதி இரண்டு ஆட்டம். அடுத்த ஞாயிறு இதே ஸ்ரீபெரும்புதூர் அணியை இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இறுதி.

பிப்ரவரி 3
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுப் பார்த்தேன். நாங்கள் ஆடுவது 4-4-2. நடுவரிசையில் இடது ஓரம் நான். எனக்குப் பின்னால், தடுப்பு வரிசையில், லெஃப்ட் பேக் மொய்னுதீன். இரண்டு கோலும் அவன் பக்கத்திலிருந்துதான். அவர்களுடைய ஏழாம் நம்பர் ஓடி வருகிறான், கூடவே அவர்களுடைய ரைட் பேக்கும் ஏறி வருகிறான். மொய்னு ஒருவனைப் பிடித்தால் இன்னொருவன் தப்பிக்கிறான். அவனுக்கு முழங்கால் போய்விட்டது. வேறென்ன? முனிரத்தினத்தை அங்கே இறக்க வேண்டும். ஏனாத்தூரில் பால் கறந்து, சைக்கிளிலேயே ஊர் முழுக்க ஊற்றுகிறவன். கால் இருக்கிறது.

பிப்ரவரி 4
நெசவாளர் கைலாசம் கடைக்கு வந்தார். போன வாரம் வாங்கிய பட்டுநூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். "தறியைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். இந்த வியாபாரத்தில் முப்பது வருடம். புகார் வந்தால் முதலில் என் நூலை நான் பார்த்ததே இல்லை.

மொய்னுவிடம் டீக்கடையில் சொல்லிவிட்டேன். ஞாயிறு நீ வெளியே உட்காரு என்று. டீயை முழுசாகக் குடித்து முடித்தான்.

"உக்கார்றேன்பா. டீமு உன்து, பனியன்ல உன் கடை பேரு. ஆனா எனக்கு முன்னாடி யாரு ஆடிக்கினு இருந்தான்னு வீடியோல ஒரு தரம் பாரு."

என்ன குத்தல் இது?

பிப்ரவரி 5
வீடியோ பார்க்கவில்லை. கடையில் வேலை. — பொய். வேலை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6
பார்த்தேன். சுகாசினி போனில் எடுத்தது. ஆட்டம் முழுக்க என்னையே எடுத்திருக்கிறாள். பந்து எங்கே போனாலும் படம் என்மேல்தான்.

"மேட்ச எடுன்னா என்னையே எடுத்து வெச்சிருக்கியே?"

"கட்டிக்கினவரப் பாக்க வந்தேன். பந்தப் பாக்கவா வந்தேன்?"

எரிச்சலோடு ஓட்டிக்கொண்டே போனேன். முதல் கோல். நான் இடுப்பில் கைவைத்து நிற்கிறேன். என்னை உரசிக்கொண்டு அந்த ரைட் பேக் ஓடுகிறான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். அப்புறம் கூச்சல் மட்டும் கேட்கிறது. இரண்டாவது கோல், அதே கதை. இந்த முறை பனியனைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

மொய்னுமேல் இரண்டு பேர் என்று எழுதினேனே. அந்த இரண்டாவது ஆள் நான் பிடிக்க வேண்டியவன்.

எத்தனை ஆட்டமாக இப்படி? ஏன்யா ஒருத்தனும் வாயத் தொறக்கல? பனியனில் என் கடைப் பேர் இருப்பதாலா?

கைலாசத்துக்கு போன் போட்டு நூலைக் கொண்டுவரச் சொன்னேன்.

பிப்ரவரி 7
என்னை முன்னால் போட்டால்? ஓடாத ஆள் முன்னால் எதற்கு? 3-5-2? அதில் ஓரத்துக்காரன் இன்னும் அதிகம் ஓட வேண்டும். நட்ட நடுவில்? ஏழு படம் போட்டேன். ஏழிலும் நான் நிற்கிற இடம் ஓட்டை. போகாத சரக்கை அலமாரி மாற்றி வைத்துப் பயனில்லை என்று கடையில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான்தான்.

பிப்ரவரி 8
வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டேன். லெஃப்ட் பேக் மொய்னுதீன். அவனுக்கு முன்னால் முனிரத்தினம். உடனே கோல் கீப்பர் சிட்டிபாபு கூப்பிட்டான்.

"அண்ணே, உங்க பேரப் போட மறந்துட்டீங்க."

"மறக்கலடா."

"அப்போ, உங்க பதினோராம் நம்பரு பனியன் முனிக்கு பத்துமாண்ணே?"

மொய்னு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான்.

பிப்ரவரி 9, ஞாயிறு
2-0. இறுதிக்குப் போகிறோம். ஏறி வந்தவனை முனி விடவே இல்லை. ஏழாம் நம்பரை மொய்னு தனியாகவே பார்த்துக்கொண்டான். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. முதல் கோலுக்கு நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவதற்கு எழுந்து கத்தினேன். உண்மையை எழுதத்தானே இந்த நோட்டு.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த மொய்னு, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "உக்காரு குரு. நின்னு நின்னு பழக்கமாயிடுச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் சுகாசினியிடம் போனை வாங்கினேன். "யார எடுக்கறதுன்னு தெரியல. சும்மா எடுத்தேன்" என்றாள்.

மைதானம் முழுவதும் தெரிகிறது. இடது ஓரமும் சேர்த்து.