கதவைச் சாத்திக் கழுவச் சொன்னார்கள்

இன்று பின்னேரம் வாளிகளை அடுக்கி வைத்துவிட்டு வந்ததிலிருந்து என் விரல்களில் அந்த மணம் இருக்கிறது. கிணற்றில் போடுகிற வெள்ளைத் தூள், டீசீஎல் என்போமே, அதன் மணம். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ போனபிறகு விடுதி மேட்ரன் மிஸ் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். இன்று மறுபடியும் வெளியே எடுத்துவிட்டார். பக்கத்தில் அசிட் போத்தலையும் வைத்திருக்கிறார்.

போர்வைக்குள் டோர்ச் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தாலே அணைத்துவிடுகிறேன். மிஸ் பார்த்தால் கணக்குச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

விடுதியில் மறுபடியும் வயிற்றுப்போக்கு. சின்னப் பிள்ளைகள் ஒருத்தி மாறி ஒருத்தி வாந்தி எடுக்கிறார்கள். துடைப்பதும் போர்வை அலசுவதும் பெரிய வகுப்புக்காரர்களான எங்கள் வேலை. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கீழேயிருந்து வாளி வாளியாகத் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிவிட்டது. வகுப்பில் உட்கார்ந்தால் டீச்சர் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்கிறது. மழையும் விடவில்லை. துவைத்த எதுவும் காய்வதில்லை. எல்லாவற்றிலும் ஒரு புளித்த வாடை. நீ இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

கழிவறை கழுவும் முறைக்கு நம் இருவரையும் ஜோடி போட்டதே மிஸ்தான். கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான், கலகெதரக் கடைக்காரர் வீட்டுச் செல்லப்பிள்ளை நீ. முதல் நாள் கழுவுகிற தும்புத்தடியைப் பாம்பு பிடிப்பது போல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"எங்கட ஊட்ட என்னய ஒரு கோப்பகூட கழுவ உடமாட்டாங்க புள்ள."

"அப்ப இங்க எதுக்கு வந்த?"

"படிக்க வந்த. கக்கூஸ் கழுவவா வந்த?"

அதன்பிறகு நான் தேய்ப்பேன், நீ கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து உன் வாப்பாவின் கடைக்கு வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவாய். விலை பேசிப் பேசி ஒன்றும் வாங்காமல் போகிற ஒரு மாமி இருந்தாரே, அவர் குரலில் நீ மிஸ்ஸிடமே ஒருநாள் பேசிவிட்டாய். எனக்குக் கோபம் வந்ததில்லை. தோட்டத்தில் தங்கச்சிமாரைக் குளிப்பாட்டியும், லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான கக்கூஸைக் கழுவியும் வளர்ந்தவள் நான். எனக்கு வேலை பழக்கம். கதை கேட்டுக்கொண்டு வேலை செய்வதுதான் புதிது.

கழிவறையைத் துடைத்த அதே மொப்பைச் சாப்பாட்டு மண்டபத்துக்கும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். "இந்த மொப் எங்கள விட நல்லா ஊர் சுத்துது புள்ள" என்றாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று அன்றைக்கு நம் இருவருக்குமே தெரியாது.

அந்தச் சனிக்கிழமையும் இப்படித்தான், பிள்ளைகளுக்கு வயிற்று வருத்தம். பீஎச்ஐ என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரப்போகிறார் என்று மிஸ் ஓடித் திரிந்தார். "மணம் வந்தாத்தான் பீஎச்ஐ மாத்தயா நம்புவாரு. அசிட்டயும் ஊத்துங்க, டீசீஎல்லயும் கரைச்சு ஊத்துங்க. கதவச் சாத்திடுங்க, மணம் வெளிய போனா வேல செய்யாது" என்றார். யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. ஒன்று நல்லதென்றால் இரண்டும் சேர்ந்து இன்னும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?

நான் தண்ணீருக்குக் கீழே இறங்கினேன். அன்று பார்த்து, அதிசயமாக, நீ தேய்க்கிறேன் என்றாய். திரும்பி வந்தபோது நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முக்காட்டால் மூக்கை மூடியிருந்தாய். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"உள்ளுக்கு யாரோ வெங்காயம் அரியிற புள்ள."

சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பானது. இழுப்புக்கு நீ வைத்திருந்த பம்ப்பை நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அடித்தும் அடங்கவில்லை. ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பஸ்கள் வழிவிடவில்லை. நீ என் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்திருந்தாய்.

என்ன ஊற்றினீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். நான்தான் சொன்னேன்.

"ரெண்டயும் ஒண்ணாவா?" அவர் எங்களோடு வந்திருந்த மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "அது நச்சுப் புகை. இனி ஒருநாளும் சேர்க்காதீங்க. சவர்க்காரம் போட்டுத் தேச்சு, நல்லா அலசுங்க. பிறகு டீசீஎல் கரைச்ச தண்ணி மட்டும் போதும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து இருக்கணும்."

மிஸ் தலையாட்டித் தலையாட்டி அழுதார். அது பொய் அழுகை இல்லை. அந்த வார்ட்டிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

பிறகு ஒருநாள் பரிசோதகர் வந்தார். அவர் மணம் பிடித்துப் பார்க்கவேயில்லை. குழாயடியில் சவர்க்காரம் எங்கே என்று கேட்டார். மொப்பைத் தூக்கிக் காட்டி, சாப்பாட்டு மண்டபத்துக்கும் இதுதானா என்றார். வேறு இருக்கிறது என்றார் மிஸ். வேறு இல்லை. இன்று வரை இல்லை. சவர்க்காரம் மட்டும் வாங்கி வைத்தார்கள், அதுவும் இரண்டு நாள்தான் இருந்தது.

நாளை மறுநாள் அவர் திரும்ப வருகிறாராம். அதனால்தான் போத்தலும் தூளும் வெளியே வந்திருக்கின்றன. காலையில் கழுவ வேண்டியது நானும், ஆள் போதாததால் என்னோடு சேர்த்துவிட்ட, விடுதிக்குப் புதிதாக வந்த ஏழாம் வகுப்புச் சின்னவளும். உன் கட்டிலில் இப்போது அவள்தான் படுக்கிறாள். அவளுக்கும் சளி.

மாலையில் மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், ரெண்டயும் சேர்க்க வேணாம்னு டொக்டர் சொன்னாரு."

"டொக்டரா வந்து கழுவப் போறாரு? அவளுக்கு இழுப்பு இருந்திச்சு, அதான் அப்பிடி ஆச்சு. உங்களுக்கு என்ன? கொஞ்சமா ஊத்துங்க." நான் நகராமல் நின்றேன். "விருப்பமில்லாட்டி கலஹா பஸ் இருக்கு. போயிட்டு வாங்க."

அந்தப் பஸ்ஸுக்குத்தான் எனக்குப் பயம். இந்த விடுதியில் எனக்குக் கிடைத்திருப்பது இலவச இடம். திரும்பிப் போனால் அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் சாதாரணதரப் பரீட்சையை யாரும் எனக்காக நிறுத்தி வைக்கப் போவதில்லை. கொழுந்துக் கூடையோ, கொழும்பில் யார் வீட்டிலாவது வேலையோ, இரண்டில் ஒன்று. மிஸ்ஸுக்கும் அது தெரியும்.

வாளிகளை அடுக்கி வைக்கத் திரும்பிவிட்டேன். படுக்கப் போகும்போது சின்னவள் என் கட்டிலுக்கு வந்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா, என் கட்டில்ல இருந்த அக்கா எப்படிச் செத்தாங்க?"

உன்னைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் பேசக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். சொல்லிவிட்டேன். அசிட்டையும், தூளையும், சாத்திய கதவையும். அவள் பயந்து அழுவாள் என்று நினைத்தேன். சளி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அத ஊத்த வேணாம் அக்கா. கதவயும் தெறந்து வைப்போம்" என்றாள். அவ்வளவுதான். தூங்கிவிட்டாள்.

காலைத் தேநீருக்குள் அவள் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். இனி நான் நினைத்தாலும் பின்வாங்க முடியாது. அவளை உள்ளே விடமாட்டேன். கதவு சாத்தாதபடி தண்ணீர் நிறைந்த வாளியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, என் சவர்க்காரத்தைக் கரைத்து நானே தேய்த்து அலசுவேன். பிறகு தூள் கரைத்த தண்ணீர் மட்டும். அசிட் போத்தலின் மூடியைத் திறக்கமாட்டேன். மிஸ் வந்து கேட்டால், எல்லோருக்கும் கேட்க இன்னொரு தடவை சொல்வேன்.

நீ எனக்கு எதையும் கற்றுத் தரவில்லையடி. கழுவுவது என்றாலே ஓடி ஒளிந்தவள் நீ. நான் அறிந்துகொண்டது உனக்கு நடந்ததிலிருந்து. இது தெரியாதவளாகவே இருந்து, நீ வாளியில் உட்கார்ந்து கதை சொல்ல, அந்த ஊர் சுற்றும் மொப்போடு நான் இன்னும் பத்து வருஷம் தேய்த்திருப்பேன். அது கிடைக்காது. உன்னிடமிருந்து என் கையில் மிஞ்சியது, அன்று தெரிந்துகொண்ட இது ஒன்றுதான். விடிந்ததும் அதை ஒரு சின்னப் பிள்ளைக்காகச் செலவழிக்கப் போகிறேன்.