ஏழாம் எண் கதையில் சிரிப்பு அதிகம்

6 நவம்பர் 2006, திங்கள். ஈரப்பனி.

தூர்கைர் ஏமாற்றுக்காரன். எங்கள் விஞ்ஞானக் கதைக் கழகத்தின் தொகுப்பாசிரியன். மென்மையான குரல் வேறு. ஆண்டுத் தொகுப்புக்கு வரும் கதைகளில் எண் மட்டும்; பெயர் ஒட்டிய உறைக்குள். நடுவர் ஐவர், தூர்கைரும் நானும் அதில் அடக்கம். ஏழாம் எண் நாலுக்கு ஒன்றில் வென்றது. சனிக்கிழமை உறையைத் திறந்தோம். ஆவா! ஒஸ்லோவின் குரோருட்டில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரி, பெற்றோர் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். தேர்வான மற்றவர்களுக்கு வாழ்த்துக் கடிதம். அவளுக்கு மட்டும் "சிறு திருத்தங்கள்" கேட்டுத் தூர்கைரின் கடிதம்.

7, செவ்வாய்

ரயிலில் ஆவா. கையில் அந்தக் கடிதம். அவள் கதை இவ்வளவுதான்: வியாழனைச் சுற்றும் கப்பல். கறுப்புத் தலைவி தங்கைக்குப் பின்னல் போடுகிறாள். எடையில்லாத அறை. சீப்பு மிதந்து ஓடுகிறது, துரத்திச் சிரிக்கிறார்கள்.

"தலைவி எதிலையிருந்து தப்பி வந்தவள் எண்டு சேர்க்கட்டாம். போரோ, படகோ."

"நீ என்ன சொன்னனீ?"

"அவள் கப்பலிலைதான் பிறந்தவள் எண்டு. நான் ஒஸ்லோவிலை பிறந்த மாதிரி. அதுசரி, எதிர்த்து வாக்குப் போட்ட அந்த ஒரு மடையன் ஆர்?"

குறொன்லாண்ட் நிலையத்தில், இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். வேலை இல்லை. வெந்தயம் வாங்கினேன்.

8, புதன்

செய்யவேண்டியவை: ரயில் மாதச்சீட்டு. காலுறை. நூலகப் புத்தகம்.

என் நடுவர் குறிப்பின் நகலைத் தேடி எடுத்தேன். "சிரிப்பு அதிகம். நம்பும்படி இல்லை. கப்பலைக் கழுவுவது யார்?" நான் துப்புரவாளர் கதை எழுதுகிறவன், பெரிய யதார்த்தவாதி. முதல் இரண்டு வாக்கியமும், ரயிலில் ஆவா காட்டிய தூர்கைரின் கடிதத்தில் அப்படியே.

சமையலறையில் அம்மா: "மேல்வீட்டுப் பிள்ளை காலமை துவங்கிச் சிரிக்குது."

"ஏனாம்?"

"சிரிக்கிறதுக்கும் காரணம் கேக்கிறியே? விசரே உனக்கு?"

மேலே போனேன். அந்த மடையன் நான்தான் என்றேன். ஆவா சிரிக்கவில்லை.

"கதவைச் சாத்திப்போட்டுப் போ."

9, வியாழன். பனி உறைந்து வழுக்கல்.

கழகக் கூட்டம், ஐந்து நடுவரும். ஆவா வரவில்லை.

தூர்கைர்: "உன்ரை குறிப்பைத்தானே எழுதினனான்?"

"அது தோத்த குறிப்பு. நீங்கள் நாலு பேரும் வாக்குப் போட்டது சிரிப்போடை இருந்த கதைக்கு. உறையைத் திறந்தாப் பிறகு கதையிலை என்ன மாறினது?"

ஒருவர் கோப்பி ஊற்றினார். ஒருத்தி பிஸ்கட் தட்டைத் தூர்கைர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு சொல்லும் மாத்தாமல் அச்சடிக்கவேணும். சம்மதமெண்டால் கையைத் தூக்குங்கோ."

கோப்பி கலக்கும் கரண்டிச் சத்தம்; ஒரு கையும் எழவில்லை.

மறுபடியும் கேட்டேன்: "கையைத் தூக்குங்கோ."